வெரல்காட்டிச் சடச்சி

ரயிலு வராத காலம், ரோட்டுல மைல்கல்லு நடாத காலம். கரிசக் காட்டுக்கு நடுவுல முள்ளிக்கம்மாயின்னு ஒரு ஊரு இருந்துச்சாம். அறுபது தலைக்கட்டு. மழை பேஞ்சா சேறு முழங்கால் வரைக்கும் இழுக்கும். பேயாட்டி நிலம் வெடிச்சு, வெடிப்புக்குள்ள ஆட்டுக்குட்டி விழுந்துரும். அப்பேர்ப்பட்ட ஊரு.

அந்த ஊருல பிள்ளைப்பேறு பாக்குற மருத்துவச்சி ஒருத்தி. பேரு சடச்சி. நாப்பத்தஞ்சு வயசிருக்கும்பாக. தாலியறுத்துப் பத்து வருசம், வயித்துல ஒன்னும் தங்கல. ஆனா ஊருல முக்காவாசிப் பேரு அவ கையில வந்து விழுந்தவுகதான். மீசை வச்ச ஆம்பளையெல்லாம் அவளைக் கண்டா "ஆத்தா"ன்னுதான் கூப்புடுவானாம். அவ வெரல் நுனியில கண்ணு இருக்குன்னு சொல்லுவாக. வயித்தை மேல தடவிப் பாத்தே, "தலை இங்கன இருக்கு, குண்டி அங்கன இருக்கு, நாளைக்கு வெயிலேற வலி எடுக்கும்"பா. அப்பிடியே எடுக்கும்.

அவளுக்கு ஒரு தம்பி. வீரணன். ஊருக்குத் தலை செரைக்கிறவன். ரண வைத்தியமும் அவன்தான். கட்டி வந்தா கீறுவான், முள்ளுப் பாஞ்சா எடுப்பான், ஆடுற பல்லைக் குறடு போட்டுப் புடுங்குவான். அக்காளும் தம்பியும் ஒரே வீடு, ஒரே அடுப்பு.

ஒரு ஐப்பசி மாசம். அடைமழை. சடச்சி அடுப்புக்குப் பருத்திமாரு ஒடிக்கிறா. ஈரமாரு, சட்டுனு ஒடியல. முழங்கால்ல வச்சு மடக்குறா. வலது கை ஆள்காட்டி வெரல்ல, நகக்கண்ணுல, ஒரு சிலாம்பு சுருக்குன்னு ஏறிருச்சு. பல்லால கடிச்சு இழுத்தா, துப்புனா, சோத்தைப் பொங்குனா. அம்புட்டுத்தான். மறந்துட்டா.

மூணாம் நாளு நகத்தைச் சுத்திச் செவப்பா ஒரு வளையம். நாலாம் நாளு வெரல் நுனி நாவப்பழம் மாதிரி மின்னுது. விண்ணு விண்ணுன்னு தெறிக்குது.

வீரணன் புடிச்சுப் பாத்தான். "நகச்சுத்திதான்க்கா. எலுமிச்சம்பழத்தைத் தொளைச்சு மாட்டிக்க. பழுத்து ஒடஞ்சா சரியாப் போயிரும்."

"கீறி விட்டுரேன்டா."

"இன்னும் பழுக்கல. பச்சையில கீறுனா நகமே போயிரும்."

அவளும் எலுமிச்சம்பழத்தைச் சொருகிக்கிட்டு ஊருக்குள்ள நடந்தா. பாத்தவுகள்லாம் சிரிச்சாகளாம். "என்ன ஆத்தா, வெரலுக்குக் கிரீடம் சூட்டியாச்சா?" அவளும் சிரிச்சா. நகச்சுத்தி வந்து செத்தவுக உண்டான்னு கேட்டுச் சிரிச்சா.

உண்டா? கேளுங்க.

அஞ்சாம் நாளு காலையில சோணை ஓடியாந்தான். சோணைங்கிறவன் ஏருக்காரன், வாட்டசாட்டமான பய. அவன் பொண்டாட்டி செவத்திக்குத் தலைப்பிரசவம், வலி எடுத்துருச்சு.

"ஆத்தா, சீக்கிரம் வா. அவ கண்ணு சொருகுது."

சடச்சி எலுமிச்சம்பழத்தைக் கழட்டி மாடத்துல வச்சா. வாசல் தண்ணியில கையைக் கழுவுனா, முந்தானையில தொடச்சா, கெளம்பிட்டா. வெரல் வலிக்குதேன்னு நெனைக்கத்தான் செஞ்சாளாம். "அவ வலிக்கு முன்னால என் வலி ஒரு வலியா"ன்னும் நெனைச்சாளாம். தப்பா அது? நல்ல நெனைப்புத்தான். நல்ல நெனைப்போடதான் போனா.

பிள்ளை திரும்பிக் கெடந்துச்சு. கையை உள்ள விட்டுத் தலையை வாகுக்குக் கொண்டாந்தா. பொழுது உச்சிக்கு வரும்போது பொம்பளைப் பிள்ளை. தாயும் சொகம், பிள்ளையும் சொகம். சோணை குதிக்கிறான். செவத்தி சிரிச்சுக்கிட்டே, "ஆத்தா, ஒங்க பேரையே வைக்கிறேன்"னாளாம்.

மூணாம் நாளு செவத்திக்குக் குளிரெடுத்துச்சு. கம்பளி மேல கம்பளி போட்டாலும் கட்டிலு கெடகெடன்னு ஆடுது. வயிறு பானையா உப்பிருச்சு. தொட்டா கத்துறா. பிள்ளைப் பால் வத்திப்போச்சு. அவ மேல ஒரு வாடை அடிச்சுச்சாம். என்ன வாடைன்னு யாராலும் சொல்ல முடியல. சடச்சி கசாயம் போட்டுக் குடுத்தா, பத்துப் போட்டா, பக்கத்துலயே கெடந்தா. ஆறாம் நாளு செவத்தி போயிட்டா.

சடச்சி கையில இருபத்தஞ்சு வருசத்துல ரெண்டே ரெண்டு பேருதான் செத்திருக்காக. ரெண்டும் ரத்தம் நிக்காமப் போனது. நல்லாப் பெத்துச் சிரிச்சுக்கிட்டிருந்தவ இப்பிடிக் காய்ஞ்சு சாகுறதை அவ கண்ணால கண்டதில்ல. நம்ப முடியாம அந்தக் கட்டிலையே பாத்துக்கிட்டு நின்னாளாம்.

இதுக்கு நடுவுல நகச்சுத்தி ஒடஞ்சு சீழ் வந்து, மூடுச்சு. அப்பாடான்னு இருந்தா. நாலு நாள்ல மறுபடி உள்ளுக்குள்ளயே கோத்துக்கிச்சு, மறுபடி எலுமிச்சம்பழத்தை மாட்டிக்கிட்டா. அப்பிடித்தான் அது. மேல ஆறும், அடியில வேகும்.

பன்னெண்டு நாள் கழிச்சு, நல்லம்மான்னு ஒருத்தி. காட்டுல களை எடுக்கும்போதே வலி வந்து, கரையில உக்காந்துட்டா. சடச்சிக்கு ஆள் போச்சு. அவ ஓட்டமும் நடையுமாப் போறதுக்குள்ள பிள்ளை பொறந்துருச்சு. யாரு பிடிச்சதுங்கிறீக? பெருமாயி.

பெருமாயியைச் சொல்லணும். கருப்பட்டி விக்கிறவ. கிழக்கே பனங்காட்டுல இருந்து கூடையில வாங்கியாந்து வீடு வீடா விப்பா. புருசன் விட்டுட்டுப் போயிட்டான். பிள்ளை இல்ல. எந்த ஊருன்னு யாருக்கும் சரியாத் தெரியாது. பிள்ளை பெத்தவளுக்குக் குடுக்குற செலவு மருந்துல போட்டு இடிக்கக் கருப்பட்டி வேணும்ல, அதனால எந்த வீட்டுல பிள்ளை பொறந்தாலும் மறுநாளு அவ கூடை அங்க இருக்கும். அன்னைக்கு வரப்பு வழியா வந்தவ, நல்லம்மா கத்துறதைக் கேட்டுக் கூடையை எறிஞ்சுட்டு ஓடிப்போயி, பிள்ளையைத் தாங்கிட்டா.

சடச்சி வந்து பாத்தா, தொப்புள் கொடி கட்டிப் பிள்ளையைத் துணியில சுத்தி வச்சிருக்கா. சடச்சி தொடவே இல்ல. "நல்லாச் செஞ்சிருக்கடி"ன்னு சொல்லிட்டுத் திரும்பிட்டா. நல்லம்மா மூணாம் நாளே எந்திரிச்சு நடந்தா. அவளுக்குப் பால் கொள்ளல. தாயில்லாத செவத்தி மகளுக்கும் அவதான் மடி குடுத்தா.

கார்த்திகை பொறந்து, முத்துப்பேச்சி. இவளுக்கு இது மூணாவது. கோழி முட்டை போடுற மாதிரி பெத்துருவா. பிள்ளை வந்துருச்சு, நஞ்சுக்கொடி வரல. பொறுத்துப் பாத்தாக, வரல. சடச்சி கையை விட்டுத்தான் எடுத்தா. அந்த வெரலைத்தான் விட்டா. வேற எந்த வெரலை விடுவா, அதுலதான கண்ணு இருந்துச்சு?

ரெண்டாம் நாளு குளிரு. நாலாம் நாளு பிதற்றலு. அஞ்சாம் நாளு பாடை.

மூத்த பிள்ளைக ரெண்டும் பாடைக்கு அடியில பூந்துக்கிட்டு, "எங்கம்மாவை இறக்கு, எங்கம்மாவை இறக்கு"ன்னு கத்துச்சாம். தூக்குனவன் பாடையை இறக்கியே வச்சுட்டானாம்.

அம்புட்டுத்தான். ஊரு பேச ஆரம்பிச்சுருச்சு. "ஒன்னு போச்சுன்னா விதி. ரெண்டுமா?" "ரெண்டு வீட்டுக்கும் போன ஆளு யாரு?" ஊர்த்தலைவரு அம்பலகாரரு கேட்டாரு, கெணத்தடியில கேட்டாக, களத்துல கேட்டாக. ரெண்டு வீட்டுக்கும் சடச்சி போனா. அது எல்லாருக்கும் தெரியும். ஆனா அவ பேரை வாயில எடுக்க எவனுக்கும் தோணலயே! தன்னைப் பூமிக்குக் கொண்டாந்த கையை எவன் சந்தேகப்படுவான்?

"பெருமாயி கருப்பட்டி குடுத்தாளே ரெண்டு வீட்டுக்கும்!"

"பிள்ளை இல்லாதவ. வயித்தெரிச்சல்."

"நல்லம்மாளுக்கு ஒன்னும் ஆகலையே?"

"அது அவளே தொட்டுத் தூக்குன பிள்ளை. அதை விட்டுவச்சிருக்கா."

பாத்தீகளா, ஒருத்தியை மாட்டணும்னா நல்லதும் சாட்சிக்கு வந்துரும்.

சடச்சி என்ன சொன்னா? அதைச் சொல்லத்தான் நாக்கு கூசுது. கெணத்தடியில அவகிட்டயும் கேட்டாக. "ஆமா, அவ கருப்பட்டிதான் இடிச்சுக் குடுத்தேன். அது நெசந்தான்"னா. அம்புட்டுத்தான் சொன்னா. அவ மனசுலயும் அப்பிடித்தான் பட்டுச்சாம். வேற எதுவும் பிடிபடாதப்ப, கைக்குக் கெடைச்சதைப் பிடிச்சுக்கிட்டா.

ஊரு கூடி நாளு குறிச்சாக. சூனியக்காரிக்கு அந்தக் காலத்துல என்ன தண்டனைன்னா, தலையைச் செரைச்சு, மந்திரம் சொல்ற வாயின்னு முன்பல்லு நாலையும் புடுங்கி, எல்லைக்கு வெளிய வெரட்டிவிடுறது. செரைக்கவும் புடுங்கவும் வீரணனுக்கு உத்தரவு.

அந்த நாளும் வந்துச்சு. வெயிலேறுற நேரம். வீரணன் முத்தத்துல உக்காந்து கத்தியைத் தீட்டுறான். குறடை எண்ணெய் போட்டுத் தொடைக்கிறான். "பல்லை நான் வலிக்காகப் புடுங்கியிருக்கேன். வலிக்கணும்னு புடுங்குனதில்லக்கா"ன்னான். சடச்சி கொட்டத்துக்குப் போனா, அங்க கட்டிக் கெடந்த தன் ஆட்டைப் பாக்க.

மூணு நாளைக்கு முந்தி அந்த ஆடு குட்டி போட முடியாமத் திணறுச்சு. சடச்சிதான் கையை விட்டுக் குட்டியை இழுத்துப் போட்டா. இப்பப் போயிப் பாக்குறா, ஆடு தலையைத் தொங்கப் போட்டுக் கெடக்கு. மயிரு சிலுத்துக்கிட்டு நிக்குது. ஒடம்பு கெடகெடன்னு ஆடுது. குட்டி முட்டுது, மடியில பால் இல்ல. சடச்சி குனிஞ்சா.

அந்த வாடை.

செவத்தி கட்டில்ல அடிச்ச அதே வாடை. முத்துப்பேச்சி பாயில அடிச்ச அதே வாடை. ஆட்டுல அடிக்குது.

சடச்சி ஒவ்வொன்னா எண்ணிப் பாத்தா. ஆட்டுக்கு எவ கருப்பட்டி குடுத்தா? ஆட்டுக்கு எவ சூனியம் வச்சா? செவத்தி வீட்டுக்குப் போனது யாரு? நானு. முத்துப்பேச்சி வீட்டுக்கு? நானு. ஆட்டை இழுத்தது? நானு. நல்லம்மாளை நான் தொடல. நல்லம்மா இருக்கா.

எலுமிச்சம்பழத்தைக் கழட்டுனா. வெரலை மெதுவா மூக்குக்கிட்டக் கொண்டுபோனா.

அதே வாடை.

அவ அலறலயாம். கையை ஒடம்பை விட்டுத் தள்ளித் தள்ளிப் பிடிச்சா. தன் கையைப் பாத்துத் தானே பின்னால போனா, பாம்பைக் கண்ட மாதிரி. கொட்டத்துச் சொவத்துல முதுகு முட்டுற வரைக்கும் போனா. கை கூடவே வந்துச்சு.

"அக்கா, நான் போறேன்"னு வீரணன் குரல் குடுத்தான். அவ சொல்லியிருக்கலாம். "நில்லுடா"ன்னு ஒரு சொல்லு. சொல்லல. சொவத்துல சாஞ்சு உக்காந்துட்டா.

ஒரு நாழிகை நேரம் அப்பிடியே இருந்தாளாம். இதை மறைக்காமச் சொல்லணும்னு பெரியவுக சொல்லியிருக்காக. தெரிஞ்சது அவளுக்கும் அந்த ஆட்டுக்கும்தான். ஆடு சாகப் போகுது. அவ பேசாம இருந்தா கடைசி வரைக்கும் ஊருக்கெல்லாம் ஆத்தாதான். பெருமாயி யாரு? அத்துவானத்துல இருந்து வந்தவ. போனா யாரு தேடப் போறா? இப்பிடியெல்லாம் மனசு பேசுச்சாம். மனுச மனசுதான? பேசத்தான் செய்யும்.

அப்ப பொட்டல் பக்கமிருந்து பெருமாயி கத்துற சத்தம் கேட்டுச்சு. "நான் என்ன செஞ்சேன், நான் என்ன செஞ்சேன்"னு. பிள்ளைப்பேத்து வலியில பொம்பளைக கத்துறதை இருபத்தஞ்சு வருசம் கேட்ட காது. வேற எந்தச் சத்தமா இருந்தாலும் உக்காந்திருப்பாளோ என்னமோ. சத்தத்தைக் கேட்ட உடனே காலு தானா எந்திரிச்சு ஓடுச்சு.

ஊர்ப் பொட்டல்ல ஒரு பலகைக்கல்லு. அதுல பெருமாயியை உக்கார வச்சு ரெண்டு பேரு பிடிச்சிருக்காக. பாதித் தலை செரைச்சாச்சு. இன்னொரு பாதியில முடி தொங்குது. குறடு பக்கத்துல கெடக்கு. சோணை முன்னால நிக்கிறான், கண்ணு செவந்து.

"நிறுத்துங்க!"

எல்லாரும் திரும்பிப் பாத்தாக. சடச்சி மூச்சு வாங்க நிக்கிறா.

"அவளை விடுங்க. அவ கொல்லல. நாந்தான் கொன்னேன்."

அம்பலகாரரு தலையை ஆட்டுனாரு. "சடச்சி, மனசு கெட்டுப் போயி ஏதோ பேசுற. வீட்டுக்குப் போத்தா."

"இல்லைங்கய்யா. என் வெரலு கொன்னுருச்சு."

"நகச்சுத்திக்கா இம்புட்டு?"ன்னு யாரோ ஒருத்தன் சிரிச்சான். "நகச்சுத்தி ஆளைக் கொல்லுமாக்கும்?"

"பிள்ளை இல்லாதவ சூனியக்காரின்னா, நானும்தான் பிள்ளை இல்லாதவ. என்னை ஏன்யா பிடிக்கல?"

அப்பவும் யாரும் நம்பல. அவுக கண்ணுல பரிதாபந்தான் தெரிஞ்சுச்சு. அதைப் பாத்ததும் சடச்சி விறுவிறுன்னு போனா. தம்பி கையில இருந்த கத்தியைப் புடுங்குனா. வலது கையைப் பலகைக்கல்லு மேல வச்சா, பெருமாயி பக்கத்துல. இடது கையால நகத்தோரமா ஒரே கீறல்.

கல்லு மேல வழிஞ்சுச்சு. பச்சையும் மஞ்சளுமா. வாடை பொட்டல் பூரா அடிச்சுச்சாம். பெருமாயியைப் பிடிச்சிருந்தவன் ஒருத்தன் கையை விட்டுட்டு ஓரமாப் போயிக் குமட்டுனான்.

"சோணை, இங்க வா. மோந்து பாரு. ஒம் பொண்டாட்டி கட்டில்ல அடிச்ச வாடையா இல்லையா, சொல்லு."

சோணை வந்தான். குனிஞ்சான். நிமிந்தவன் முகத்துல ரத்தமே இல்ல.

"இதை உங்க சோத்துப் பானையில ஒரு சொட்டு விட விடுவீகளா? இதைத்தான் ரெண்டு பிள்ளைத்தாச்சி வயித்துக்குள்ள வச்சேன். மூணு நாளைக்கு முந்தி என் ஆட்டுக்குள்ள வச்சேன். போயிப் பாருங்க, ஆடு சாகக் கெடக்கு. நான் தொடாத நல்லம்மா அந்தா நிக்கிறா!"

நல்லம்மா கூட்டத்துல நின்னா. மார்ல ஒரு பிள்ளை, தோள்ல ஒரு பிள்ளை. எல்லாக் கண்ணும் அவ மேல போச்சு. அவ பயந்து போயி ரெண்டையும் இறுக்கிக்கிட்டா.

சோணை கீழ கெடந்த கல்லைத் தூக்குனான். சடச்சி அசையல. கல்லைத் தூக்குன கை மேலயே நின்னுச்சு. "எம் பிள்ளைக்குத் தாயைக் குடு"ன்னான். அம்புட்டுத்தான் அவனால சொல்ல முடிஞ்சுச்சு. "தாயைக் குடு ஆத்தா"ன்னான். ஆத்தான்னு சொன்ன உடனே கல்லு நழுவிக் கீழ விழுந்துருச்சு. சடச்சி மன்னிப்புக் கேக்கல. எதைச் சொல்லிக் கேக்க?

ஊரு இப்பிடி மலைச்சு நிக்கும்போதே, அம்பலகாரரு வீட்டுல இருந்து வேலைக்காரி தலைதெறிக்க ஓடியாறா. அம்பலகாரரு மக வள்ளிமயிலு தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தா. "ஐயா, காலு வெளிய வருதுய்யா! பிள்ளைக்குக் காலு மொதல்ல வருது!"

அம்பலகாரருக்குத் துண்டு நழுவுனது தெரியல. சடச்சியைப் பாத்தாரு. அவ கல்லு மேல கெடக்குற கையைப் பாத்தாரு. மறுபடி அவளைப் பாத்தாரு. "சடச்சி... வாத்தா..."

"ஐயா, நான் தொட்டா அஞ்சு நாள்ல உங்க மகளுக்குப் பாடை கட்டணும்."

"அப்ப யாரு போவா?"

சடச்சி பக்கத்துல கைகாட்டுனா. பெருமாயி. பாதித் தலை முடியோட.

பெருமாயி செரைச்ச பக்கத்தைத் தடவிப் பாத்துக்கிட்டா. அம்பலகாரரு, நாட்டாமை பண்ணுன மனுசன், அவ காலடியில குனிஞ்சாரு. அவ காலை இழுத்துக்கிட்டா.

"குனியாதீக. அதைப் பாக்க எனக்குப் பிடிக்கல. உள்ள ஒருத்தி கத்துறா, அவளுக்காக வாறேன்."

எல்லாரும் அம்பலகாரரு வீட்டுக்கு ஓடுனாக. பெருமாயி வாசல் நெலையைத் தாண்டப் போறா. சடச்சி குறுக்க நின்னா.

"வெரலைக் காட்டுடி."

பெருமாயிக்குக் கண்ணு கொதிச்சுருச்சு. "எங்கிட்டயா? ரெண்டு பேரைக் கொன்ன கையை வச்சுக்கிட்டு எங்கிட்டயாக்கா வெரலைக் காட்டச் சொல்ற?"

"ஒங்கிட்டத்தான். எங்கிட்ட ஒருத்தரும் கேக்கல. நானே பாத்துக்கிடவும் இல்ல. கேட்டிருந்தா ரெண்டு உசுரு இருந்திருக்கும்."

பெருமாயி நின்னா. பெறகு ரெண்டு கையையும் விரிச்சு நீட்டுனா. சடச்சி ஒவ்வொரு வெரலாப் பாத்தா. நகக்கண்ணுல செவப்பு இல்ல, வெடிப்பு இல்ல. வீரணன் கத்தியை நெருப்புல காட்டி நகத்தையெல்லாம் ஒட்ட வெட்டிவிட்டான். கொதிச்சு ஆறுன வெந்நீருல சீயக்காய் போட்டு முழங்கை வரைக்கும் கழுவச் சொன்னா. ஒருதரம் இல்ல, மூணு தரம். பெறகுதான் வழி விட்டா.

சடச்சி நெலைக்கு வெளியவே நின்னா. உள்ள பெருமாயி, வெளிய இவ குரலு.

"இழுக்காத! இழுத்தா தலை மாட்டிக்கிடும். தன்னால வரட்டும்."

"இடுப்பு வந்துருச்சுக்கா."

"முதுகு எந்தப் பக்கம் இருக்கு?"

"மேல பாத்து இருக்கு."

"அப்பிடியே இருக்கட்டும். வெதுவெதுன்னு துணியைச் சுத்தித் தாங்கு. வலி வரும்போது முக்கச் சொல்லு. பிடரி மயிரு தெரியுதா?"

"தெரியலக்கா. தெரியல... தெரியுது!"

"இப்ப ரெண்டு காலையும் சேத்துப் பிடிச்சு, தாய் வயித்துப் பக்கமா மெல்லத் தூக்கு. மெல்ல. அவசரப்படாத ஆத்தா, மெல்ல."

பெருமாயியை அவ 'ஆத்தா'ன்னு கூப்புட்டது தெரிஞ்சு கூப்புட்டதா, வாய் தவறி வந்ததா, யாருக்கும் தெரியாது. உள்ள பிள்ளை வீல்னு கத்துச்சு.

ஆனா கதை அதோட முடியல. செவத்தி வீட்டுலயும் பிள்ளை நல்லாத்தான கத்துச்சு. மூணாம் நாளைத் தாண்டணும்ல? சடச்சி அம்பலகாரரு வீட்டு வாசலை விட்டு நகரல. கையில துணியைச் சுத்திக்கிட்டு வெளியவே கெடந்தா. மூணாம் நாளு ஊரே அந்த வாசல்ல வந்து நின்னுச்சு. குளிரெடுக்கல. அஞ்சாம் நாளு வந்துச்சு. எடுக்கல. எட்டாம் நாளு வள்ளிமயிலு தானே எந்திரிச்சு வந்து, வாசல்ல கெடந்தவளைப் பாத்து, "இன்னுமா இங்க இருக்கீக? வீட்டுக்குப் போங்க"ன்னா. அப்பத்தான் சடச்சி அழுதா. அந்த ரெண்டு பேரு செத்ததுல இருந்து அன்னைக்குத்தான் மொதத் தடவை வாய்விட்டு அழுதாளாம்.

வெரல் அதுக்குள்ள கருத்துருச்சு. எலும்பு வரைக்கும் அழுகிருச்சு. வீரணன் அதே பலகைக்கல்லுல வச்சு ரெண்டாம் கணுவோட எடுத்துட்டான். எடுக்கும்போது அழுதது அவன்தான், அவ இல்ல.

அதுக்கப்பறம் இருபது வருசம் இருந்தா. ஒரு பிள்ளைப்பேறுக்கும் கை வைக்கல. ஆனா ஊருல எந்த வீட்டுல வலி எடுத்தாலும் வாசல்ல நிப்பா. உள்ள போறவ யாரா இருந்தாலும், மாமியாரா இருந்தாலும், பெத்த தாயா இருந்தாலும், "வெரலைக் காட்டு"ம்பா. சுத்துப்பட்டி ஊருல இருந்தும் கூப்புட்டுப் போனாக. பெருமாயிதான் பெறகு மருத்துவச்சி. முடி முழுசா வளந்த பெறகும் அவ சடச்சி வீட்டுல கை நனைக்கல. தொழிலுக்குச் சேந்து போவாக, சேந்து வருவாக. வழியில பேசிக்கிட மாட்டாக. அது அவுகளுக்குள்ள.

சோணையும் பேசல. பதினெட்டு வருசம் பேசல. செவத்தி மகளுக்குப் பிள்ளைப்பேறு வந்தப்ப, சடச்சி கூப்புடாமலே வந்து எட்ட நின்னாளாம், வாசலுக்குக் கூட வராம, தெரு முக்குல. சோணை வெளிய வந்தான். எல்லாருக்கும் திக்குன்னுச்சு, என்ன ஆகுமோன்னு. அவன் நேரா அவகிட்டப் போயி, "நீ வெரலைக் காட்டு"ன்னான். அவ ஒம்பது வெரலையும் ஒரு மொட்டையையும் விரிச்சுக் காட்டுனா. ஒவ்வொன்னாப் பாத்தான். "வா, வாசல்ல நில்லு"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டான்.

இன்னைக்கும் முள்ளிக்கம்மாயில பிள்ளை பெத்த வீட்டுக்குப் போனீகன்னா, நெலை தாண்டுறதுக்கு முந்தி ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டணும். யாரும் கேக்க வேண்டியதில்ல, நீங்களே காட்டணும். நகக்கண்ணு செவந்திருந்தா, "எனக்கு வெரல் சொகமில்ல"ன்னு சொல்லிட்டு வெளியவே உக்காந்துக்கிடலாம். அங்க யாரும் கோவிச்சுக்கிட மாட்டாக, காப்பி வெளிய வந்துரும். மொத மொதல்ல சர்க்காரு நர்ஸம்மா வந்தப்ப, "பையில கையுறை வச்சிருக்கேன்"னாகளாம். "அது சரிம்மா, வெரலைக் காட்டுங்க"ன்னாகளாம் ஊர்க்காரவுக. அவுகளும் சிரிச்சுக்கிட்டே காட்டிட்டுத்தான் உள்ள போனாக.

பொட்டல்ல கெடக்கே பலகைக்கல்லு, அதுக்கு வெரல்காட்டிக் கல்லுன்னு பேரு வந்தது இப்பிடித்தான். சாகும்போது சடச்சி, "எனக்குன்னு கல்லு, கும்புடுன்னு ஒன்னும் வச்சுறாதீக"ன்னு சொல்லிட்டுத்தான் செத்தாளாம். ஊரு கேக்குமா? கார்த்திகை கடைசிச் செவ்வாக்கிழமை அந்தக் கல்லுல மூணு வெளக்கு ஏத்துறாக. மொத வெளக்குக்குச் செவத்தின்னு சொல்லுவாக. ரெண்டாவதுக்கு முத்துப்பேச்சின்னு சொல்லுவாக. மூணாவதுக்கு யாரும் பேரு சொல்றதில்ல. பொம்பளைக எல்லாரும் வெளக்கு வெளிச்சத்துல ரெண்டு கையையும் விரிச்சு நீட்டி, சித்த நேரம் காட்டிட்டு, வீட்டுக்குப் போயிருவாக.